பெரம்பூர் மாடியில் பேசிய நாவலை டொராண்டோவில் யாரோடு பேசுவது?

தம்பி, வியாசர்பாடியிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பேஸ்மென்ட் அறை, இரவு ஷிஃப்ட் வேலை, ஞாயிறு மட்டும் ஓய்வு. ஊரில் மாதம் ஒரு நாவல் படித்துவிட்டுப் பெரம்பூரில் கூடிப் பேசுவீர்கள், இங்கே அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை நகரவே மாட்டேன் என்கிறது என்றும் சொல்கிறீர்கள். இங்கே அப்படி ஒரு குழு கிடைக்குமா, ஊர்க் குழுவோடு வாட்ஸாப்பிலேயே தொடர்ந்தால் போதாதா, இங்கே இருக்கும் ஈழத் தமிழர்களோடு நாவல் பேசப் போனால் அது அரசியல் சண்டையாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் பெரம்பூர்க்காரிதான். கல்யாணமாகி இங்கே வந்து பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதாகிவிட்டது. உங்கள் கடைசிக் கேள்விதான் பெரியது. அதற்குப் பதில் சொல்ல, நாம் ஊரில் எப்படிப் படித்தோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் குழு பேப்பர் மில்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடும். இலக்கியம் படித்தவர் என்று சொல்ல ஒருவர்தான் இருந்தார். மற்றவர்களில் ஒருவர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் துறைமுகத்தில் சரக்கு கணக்கு பார்த்தவர். ஒரு நர்ஸ் அக்கா டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வருவார். பின்னி மில்லில் வேலை பார்த்தவரின் மகன் ஒருவர் இருந்தார். மில் தொண்ணூறுகளில் மூடியபோது வீட்டில் என்ன நடந்தது என்பதை எந்த நாவலைப் பேசினாலும் அதற்குள் கொண்டுவந்துவிடுவார். யாரும் அவரை நிறுத்தியதில்லை. வியாசர்பாடியிலிருந்து ஒரு ஆயா வருவார். ரங்கூனில் பிறந்தவர். அறுபதுகளில் பர்மா அரசு கடைகளையெல்லாம் தேசியமயமாக்கிய பிறகு, கப்பலில் சென்னைக்கு வந்த குடும்பம் அவருடையது. கண் சரியாகத் தெரியாததால் பேத்திதான் அவருக்கு நாவலை வாசித்துக் காட்டுவாள்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை நாங்கள் எடுத்த மாதத்தைச் சொல்கிறேன். 1972இல் வந்த நாவல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மெடானிலும் பினாங்கிலும் வட்டிக்கடைகளை நம்பி இருந்த தமிழர்களைப் பற்றியது, நாயகன் பெயர் பாண்டியன். சிங்காரம் இளவயதில் மெடானுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர். அப்புறம் மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். கூட்டம் தொடங்கியதும் துறைமுகக்காரர் மலாக்கா நீரிணையில் தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டும் பகுதியைப் பிடித்துக்கொண்டார். கடலில் போனவன்தான் இப்படி எழுத முடியும் என்று அடித்துச் சொன்னார். ஐசிஎஃப் பெரியவருக்கு நாவல் பாதிவரைதான் பிடித்திருந்தது. “குடிச்சிட்டு உக்காந்து பழைய இலக்கியம் பேசறதுக்கே இவ்ளோ பக்கமா?” என்றார். இலக்கியம் படித்தவர் பதறிப்போனார். அந்தப் பேச்சில்தான் நாவலின் உயிரே இருக்கிறது, வெளியூரில் தனியாகக் கிடப்பவன் தன்னிடம் மிச்சமிருப்பதை எண்ணிப் பார்ப்பது அது என்று விளக்கினார். எல்லாம் முடிந்த பிறகு ஆயா சொன்னார்: “அல்லாரும் ஊர நெனச்சு நெனச்சுப் பேசறானுங்க. அங்க இவனுங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவ யாருன்னு ஒருத்தனும் சொல்லலையே.”

அந்த நாவலைப் பற்றி விமர்சகர்கள் எழுதியது பலவும் படித்திருக்கிறேன். ஆயா கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு இன்னொன்று கிடைக்கவில்லை. பெண்கள் அந்த நாவலில் ஓரமாகத்தான் வருகிறார்கள். அது குறையா, அந்த வட்டிக்கடை உலகமே ஆண்கள் மட்டும் போய் வாழ்ந்த உலகம் என்பதன் உண்மையா என்று அன்று இருட்டும்வரை பேசினோம்.

இங்கே வந்த பிறகு அதே நாவலை யாழ்ப்பாணத்துக்காரர்களும் வன்னிக்காரர்களும் இருந்த ஒரு குழுவில் திரும்பப் படித்தேன். புயல் பகுதி வந்தபோது யாரும் வர்ணனையைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் 1986ஐப் பற்றிப் பேசினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத் தமிழ் அகதிகள் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் மீனவர்கள் கண்டு கரை சேர்த்தார்கள். இங்குள்ள தமிழர் குடும்பங்களில் அது வீட்டுக் கதை மாதிரி. பாண்டியன் தொங்கானில் போகும்போது அவர்கள் கண்ணுக்குத் தெரிவது அந்தப் படகுகள். நமக்குச் சாகசமாகத் தெரிந்த அத்தியாயத்தை அவர்கள் பயத்தோடு படிக்கிறார்கள். பெரம்பூர் மாடியில் அது எங்களில் யாருக்கும் தோன்றியிருக்க முடியாது. துறைமுகக்காரருக்கு அன்று இரவே எழுதினேன். அவர் பதிலுக்கு அந்த அத்தியாயத்தை மறுபடி படித்துவிட்டு ஒரு நீண்ட வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

சரி, அரசியல் சண்டை வருமா? வரும். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வை எடுத்தால் கட்டாயம் வரும். 2001இல் வந்த அந்த நாவல் பிரான்சில் அகதி அந்தஸ்து கேட்கும் மனுவின் வடிவத்தில் தொடங்கும். ஊரில் படித்தபோது எங்களுக்கு அடிக்குறிப்புகள் இல்லாமல் ஒரு பக்கம் நகராது. எந்தப் போராளி இயக்கம் எது, எந்த ஆண்டில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டோம். இங்கே அடிக்குறிப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. அந்த மனுவைப் பற்றித்தான் பேச்சு போனது. ஒரு அண்ணர் தானும் அப்படியொரு மனு எழுதியவர். வக்கீல் எதைச் சேர்க்கச் சொன்னார், எதை விடச் சொன்னார், விட்டதை இன்றுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை என்றார். அதற்குள் இன்னொருவர் இந்த எழுத்தாளர் இயக்கத்துக்குத் துரோகம் செய்தவர் என்று கோபமாக ஆரம்பித்தார். மூன்றாமவர் அவரை மறித்தார். குரல்கள் உயர்ந்தன. ஒருவர் எழுந்து போனார். அடுத்த மாதம் அவர் திரும்பி வந்தார், கையில் அடுத்த நாவலோடு.

அந்த நேரத்தில் சென்னையிலிருந்து வந்த நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பெரிய ஆசை வரும், தம்பி. தீர்ப்பு சொல்லும் ஆசை. நமக்கு ஈழம் மேடைப் பேச்சிலும் சுவரொட்டியிலும் கேட்டுக் கேட்டுத் தெரிந்தது. மனசார அழுதிருக்கிறோம், ஊர்வலம் போயிருக்கிறோம், அதெல்லாம் உண்மைதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு மழையில் நடந்து வெளியேறிய கூட்டத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளையாக இருக்கலாம். அவருக்கு எந்த இயக்கம் சரி என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கேளுங்கள். நாவலில் எந்தப் பக்கம் உங்களை நிறுத்தியது என்பதை மட்டும் சொல்லுங்கள். பெரம்பூர்க் குழுவில் எங்களுக்கு இருந்த ஒரே கட்டுப்பாடும் அதுதான்: முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தன்னை நிறுத்திய ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும், நல்லது கெட்டது எல்லாம் இரண்டாம் சுற்றில்தான். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தேன். ஒத்துக்கொண்டார்கள். இன்றும் அப்படித்தான் நடக்கிறது.

அதே சமயம், வாயை மூடிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். உங்களிடமும் அவர்களுக்குத் தெரியாத ஒரு ஊர் இருக்கிறது. தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’யை நாங்கள் இங்கே படித்தோம். 2018இல் வந்தது, சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையோரத்து மக்களைப் பற்றியது. நம் கணக்குப்படி அது வடசென்னையில் சேராது. ஆனால் அந்தப் பேச்சு நமக்கு வீட்டுப் பேச்சுதான். இங்கே பலருக்கு முதல் அத்தியாயமே ஓடவில்லை. சினிமாவில் வில்லனும் காமெடியனும் பேசிக் கேட்டதைத் தவிர அந்தத் தமிழை அவர்கள் கேட்டதில்லை. நான் சில பக்கங்களைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், எங்கள் தெருவில் பேசுகிற வேகத்திலேயே. வாசித்துக் கேட்டதும் அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

அப்புறம் நான் கூவம் கரையிலிருந்து குடும்பங்களைக் கிளப்பிக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியதைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, வீடு இருபது கிலோமீட்டர் தள்ளி அங்கே, வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பஸ் காசிலேயே பாதிச் சம்பளம் கரையும் என்று. சாவகச்சேரியைச் சேர்ந்த ஒரு அம்மா, “போர் இல்லாத ஊரிலையும் சனத்தை இப்பிடி எழுப்பி அனுப்புவினமோ?” என்று கேட்டார். சென்னையைப் பற்றி அவருக்கு இருந்த எண்ணமெல்லாம் தி.நகர் புடவைக்கடையும் வடபழனி லாட்ஜும்தான். விசாவுக்காகக் காத்திருந்த காலத்தில் அவர் பார்த்த சென்னை அவ்வளவுதான். வடக்கே ஒரு சென்னை இருக்கிறது, மில்லும் துறைமுகமும் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் வைத்து ஊருக்கே உழைத்தது, 1918லேயே தொழிற்சங்கம் கட்டியது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அன்று அந்த நாவலைப் பற்றி என்னைவிட அதிகம் பேசியவர் அவர்தான்.

இப்போது வாட்ஸாப். ஊர்க் குழுவை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சென்னையில் ஞாயிறு மாலை ஐந்து மணி என்றால் இங்கே கோடையில் காலை ஏழரை, குளிர்காலத்தில் ஆறரை. இரவு ஷிஃப்ட் முடித்து வந்து தூங்காமல் உட்காருவீர்கள். அவர்கள் மாடியில் ஒருவர் பேச இன்னொருவர் சிரிப்பார், போனில் உங்களுக்கு இரைச்சல்தான் கேட்கும். அவர்களும் முதலில் உங்களுக்காக போனை நடுவில் வைப்பார்கள், போகப் போக மறந்துவிடுவார்கள். அதில் அவர்கள் மேல் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம் நடக்கும்போது சேர முயல்வதை விட்டுவிடுங்கள். நாவலைப் படித்துவிட்டு உங்கள் கருத்தை இரண்டு பக்கம் எழுதி முந்தின நாளே அனுப்புங்கள். யாராவது அங்கே அதை வாசிப்பார்கள். என் கருத்துகளை அப்படித்தான் அனுப்பினேன், பதில்களும் எழுத்தாகவே வந்தன. போனில் கத்திப் பேசியதைவிட அவை என்னிடம் நன்றாகத் தங்கின.

குழு கிடைக்குமா என்ற கேள்வி. ஏற்கெனவே இருக்கும் கூட்டங்கள் உண்டு. தமிழ்க் கடைகளில் இலவசமாக வைத்திருக்கும் பத்திரிகைகளில் அறிவிப்பு பாருங்கள். புத்தக வெளியீடுகளுக்குப் போங்கள். முடிந்த பிறகு டீ குடிக்கும் இடத்தில் நின்று பேசுங்கள், மேடையில் நடப்பதைவிட அங்கே நல்ல வாசகர்களைக் கண்டுபிடிக்கலாம். ‘தமிழ் இலக்கியத் தோட்டம்’ ஆண்டுதோறும் தமிழ் எழுத்தாளர்களுக்கு இயல் விருது வழங்குவது இந்த ஊரிலிருந்துதான். எதுவும் ஒத்துவராவிட்டால் மூன்று பேரோடு நீங்களே தொடங்குங்கள். மூன்று பேர் போதும். எட்டுப் பேருக்கு மேல் போனால் இரண்டு பேர் மட்டும் பேசும் கூட்டமாகிவிடும் என்பது என் அனுபவம்.

முதலில் நூலக அட்டை எடுங்கள். டொராண்டோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள், ஊரில் வசிப்பவருக்கு அட்டை இலவசம். முகவரி காட்ட ஒரு கடிதம் வேண்டும், பேஸ்மென்ட்டில் இருப்பவர்கள் வங்கியிலிருந்து வரும் கடிதத்தைக் காட்டலாம். தமிழ்ப் புத்தகம் வேறு கிளையில் இருந்தாலும் பதிவு செய்தால் உங்கள் பக்கத்துக் கிளைக்கு வந்துவிடும். தாமதமானால் அபராதம் கிடையாது, அதை எடுத்துவிட்டார்கள். எல்லாரும் ஒரே நாவலைப் படிக்கும் அளவுக்குப் பிரதிகள் இருக்காது என்பதுதான் சிக்கல். கிண்டிலில் கிடைக்கும் நாவலாகத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பேருக்குப் பிரச்சினை தீரும். மற்றவர்களுக்கு, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது ஊருக்குப் போகிறவர் யாரென்று டிசம்பரிலேயே விசாரித்து வையுங்கள். 23 கிலோ பெட்டியில் இரண்டு கிலோ நாவலுக்கு ஒதுக்கச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். நாங்கள் ஆண்டு முழுவதற்குமான பட்டியலை நவம்பரிலேயே போட்டுவிடுவோம்.

கூடும் மாதங்களையும் யோசித்துக்கொள்ளுங்கள். கோடையில் ஆள் சேராது, ஆளுக்கொரு கல்யாணம், பார்பிக்யூ, கோயில் திருவிழா. நவம்பர் முதல் மார்ச் வரை எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள், நாவல் படிக்க இந்த நாட்டில் அதைவிட நல்ல காலம் இல்லை. பனி கொட்டும் நாளில் மட்டும் கார் இல்லாதவரைக் கூப்பிட்டுவர இன்னொருவர் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் அந்த வேலையை முறை வைத்துச் செய்கிறோம்.

முதல் கூட்டத்துக்கு ‘கொரில்லா’வை எடுக்காதீர்கள், ஒருவரை ஒருவர் தெரிந்த பிறகு எடுங்கள். ‘பேட்டை’யும் பிறகு வரட்டும். ‘புயலிலே ஒரு தோணி’யில் தொடங்குங்கள். அதில் வருகிறவர்கள் எல்லாரும் கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள், அதனால் சுற்றி இருப்பவர்களில் எவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். இடையில் இலக்கியப் பேச்சு நீளும் இடத்தில் யாராவது சலித்துக்கொண்டால் ஐசிஎஃப் பெரியவர் சொன்னதைச் சொல்லுங்கள், சலித்தவருக்குத் துணை கிடைக்கும். பெண்கள் இருக்கும் கூட்டமாக இருந்தால் ஆயாவின் கேள்வியை நடுவில் வையுங்கள். பக்கத்தில் இருக்கிறேன், தேதி முடிவானதும் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.