தென் பொஹீமியா: திங்கட்கிழமைக் கோட்டை, அக்டோபர் ஏரி

செக் நாட்டின் தென் பொஹீமியாப் பகுதிக்கு அக்டோபரில் போவதாகவும், ஞாயிறன்று ட்ரெபோன் ஊரின் ஏரிகளையும் திங்களன்று செஸ்கி க்ரும்லோவ் நகரின் கோட்டையையும் பார்க்கத் திட்டமிட்டிருப்பதாகவும், ஆனால் கோட்டையின் முன்பதிவுப் பக்கம் திங்களுக்குச் சீட்டே காட்டவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றிவிடுங்கள். செக் நாட்டின் அரசுக் கோட்டைகளில் பெரும்பாலானவை திங்களன்று உள்ளே பார்க்க அனுமதிப்பதில்லை. முன்பதிவுப் பக்கத்தில் அந்த நாளுக்குச் சீட்டே காட்டாததற்கு அநேகமாக இதுவே காரணம்.

அதே பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்து பாருங்கள். நேரங்கள் தோன்றினால் சிக்கல் கிழமையில்தான். அப்போதும் தோன்றாவிட்டால், கோட்டைக்கு உள்ளே அழைத்துச் சென்று காட்டும் சுற்றுகளின் பருவம் எப்போது முடிகிறது என்று பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் பல கோட்டைகள் அவற்றை நிறுத்திவிடுகின்றன.

தங்குவதற்குச் செஸ்கே புடேயோவிட்சே நகரமே வசதி. பிராகிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் வந்துவிடலாம். க்ரும்லோவ், ட்ரெபோன் இரண்டுக்குமே அங்கிருந்து காலையில் சென்று மாலையில் திரும்ப முடியும். வெள்ளை நிற ஹ்லுபோகா கோட்டையும் சுமார் 10 கிலோமீட்டரில்தான் இருக்கிறது என்றாலும், க்ரும்லோவுக்கு ஒரு முழு நாளைக் கொடுப்பதே நியாயம் என்பேன்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். ட்ரெபோனில் இருப்பவை இயற்கை ஏரிகள் அல்ல, மீன் வளர்ப்பதற்காக வெட்டிய குளங்கள். அவற்றுள் மிகப் பெரிய ரோஜ்ம்பெர்க் குளம், குளம் அமைப்பதில் பெயர் பெற்ற யாகுப் கர்சின் மேற்பார்வையில் 1590-இல் கட்டி முடிக்கப்பட்டது. இலையுதிர் காலத்தில் கெண்டை மீன் பிடிப்பதற்காக நீரை வடிப்பார்கள் என்பதால், நீங்கள் போகும் அக்டோபரில் சில குளங்கள் வெறும் சேறாகவே தெரியலாம். விரிந்த நீர்ப்பரப்புதான் வேண்டுமென்றால், க்ரும்லோவுக்குத் தெற்கே வல்தாவா ஆற்றின் லிப்னோ நீர்த்தேக்கத்துக்குச் செல்லுங்கள்.