பபிள் நேரத்தில் எதிராளி ஆல்-இன் வைத்தால் எந்தக் கைக்குக் கால் செய்யலாம்?

கேள்வி கேட்டவர் சொல்லும் நிலவரம் இதுதான். ஒற்றை மேசைப் போக்கர் போட்டியில் நான்கு பேர் மிச்சம் இருக்கிறார்கள். பரிசு மூன்று பேருக்குத்தான்; இன்னும் ஒருவர் வெளியேறினால் மிஞ்சியவர்களுக்குப் பரிசு உறுதி என்ற இந்தக் கட்டம்தான் பபிள். எல்லோரிடமும் தலா 5,000 சிப்புகள். பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் தொகை, 200/400 (ஸ்மால் பிளைண்ட் 200, பிக் பிளைண்ட் 400). முதல் இருவர் ஃபோல்டு செய்துவிட (சீட்டைக் கைவிட்டுவிட), ஸ்மால் பிளைண்டில் இருப்பவர் ஆல்-இன் வைக்கிறார், அதாவது தன் சிப்புகள் முழுவதையும் பந்தயமாகத் தள்ளுகிறார். பிக் பிளைண்டில் இருக்கும் இவர் கையில் ஏஸ்–குயின் ஆஃப்சூட் (இரண்டும் வெவ்வேறு இனச் சீட்டுகள்).

சிப்புகளை மட்டும் எண்ணினால் பதில் எளிது. கால் செய்து, அதாவது எதிராளி வைத்ததற்கு ஈடாக இன்னும் 4,600 போட்டு, வென்றால் 10,000 கிடைக்கும். ஆகவே 46 சதவீதம் வெல்லக்கூடிய எந்தக் கைக்கும் கால் செய்யலாம். ஆனால் போட்டியில் சிப்பை யாரும் காசாக மாற்றித் தருவதில்லை. எந்த இடத்தில் வெளியேறுகிறோம் என்பதற்குத்தான் பணம். ஒருவர் வைத்திருக்கும் சிப்புகள் பரிசுத் தொகையில் எவ்வளவு பெறும் என்பதைச் சொல்லும் கணக்கைத்தான் ஆட்டக்காரர்கள் ஐசிஎம் என்கிறார்கள். பந்தயத்தில் எந்தக் குதிரை எந்த இடத்தில் வரும் என்பதற்காகப் புள்ளியியலாளர் ஹார்வில் 1973-ல் எழுதிய சூத்திரமே அதன் அடிப்படை. 1987-ல் போக்கர் நூலாசிரியர் மேசன் மால்மத் அதைப் போக்கருக்குக் கொண்டுவந்தார்.

மொத்தப் பரிசு 10,000 டாலர், அது 50, 30, 20 சதவீதமாகப் பிரிகிறது என்று வைத்துக்கொண்டு இந்தக் கையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நீங்கள் ஃபோல்டு செய்தால் கையில் மிஞ்சும் 4,600 சிப்புகளின் மதிப்பு சுமார் 2,368 டாலர். கால் செய்து தோற்றால் ஒன்றுமில்லை. கால் செய்து வென்றால் உங்களிடம் 10,000 சிப்புகள் இருக்கும். அவற்றின் மதிப்பு 3,833 டாலர் மட்டுமே. சிப்புகள் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியும் பணம் அந்த அளவுக்குப் பெருகவில்லை. 2,368-ஐ 3,833-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 62 சதவீதம் வருகிறது; வெல்லும் வாய்ப்பு அந்த அளவாவது இருந்தால்தான் கால் செய்யலாம். 46-க்கும் 62-க்கும் உள்ள இந்த இடைவெளிதான் பபிளின் முழு விஷயமும்.

அந்த இடைவெளிப் பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நீங்கள் இருவரும் மோதிக்கொண்டால், யார் வென்றாலும், ஃபோல்டு செய்துவிட்டு வேடிக்கை பார்த்த மற்ற இருவரின் பங்கும் சுமார் 2,500-லிருந்து 3,083-ஆக உயர்கிறது. ஒரு சீட்டும் ஆடாமல் அவர்கள் பெறும் அந்தத் தொகை உங்கள் இருவரின் பையிலிருந்து போவது. நல்ல ஆட்டக்காரர்கள் பலர் இதைக் கவனிக்காமலே வெளியேறுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே ஆதங்கமாக இருக்கும்.

இனி ஏஸ்–குயினுக்கு வருவோம். எதிராளி எந்தக் கை வந்தாலும் தள்ளுகிறவர் என்றால் அது சுமார் 64 சதவீதம் வெல்லும்; கால் செய்யலாம், ஆனால் லாபம் மிகக் குறைவு. அதே ஆளுக்கு எதிராக 6–6 ஜோடி 63 சதவீதம் பெற்றுத் தேறிவிடும். 5–5 ஜோடி 60-இல் நின்று தேறாமல் போகும். அவர் நல்ல கைகளை மட்டும் தேர்ந்து தள்ளுகிறவர் என்றால் ஏஸ்–குயினின் வாய்ப்பு ஐம்பதுகளுக்கு இறங்கிவிடும். அப்போது ஃபோல்டுதான் சரி. இந்த 62 எவ்வளவு கடுமையான வரம்பு என்பதற்கு ஓர் உதாரணம் போதும்: எதிராளி தன் ஏஸ்–கிங்கை உங்களிடம் திறந்தே காட்டினாலும், உங்கள் குயின் ஜோடி வெல்லும் வாய்ப்பு சுமார் 57 சதவீதம்தான், அதையும் விட்டுவிட வேண்டும். ஆகவே என் பதில்: அவர் சுற்றுக்குச் சுற்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவதை நீங்கள் பார்த்திருந்தால் கால் செய்யுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நான் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே மற்றவர்களின் சிப்புகளைப் பார்த்துவிடுவேன், ஏனென்றால் இந்த 62 நிலையான எண் அல்ல. உங்களிடமும் எதிராளியிடமும் தலா 7,000, மூன்றாமவரிடம் 5,500, நான்காமவரிடம் வெறும் 500 என்று வையுங்கள். பிளைண்ட் போட்டதைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், கால் செய்யத் தேவைப்படும் வாய்ப்பு 75 சதவீதமாக ஏறுகிறது. அந்த நான்காமவர் அடுத்த சுற்றிலேயே வெளியேறக்கூடிய நிலையில், ஏஸ்–கிங்கைக்கூட நான் தூக்கிப் போட்டுவிடுவேன். பெரிய போட்டிக்கான நுழைவையே பரிசாகத் தரும், கடைசிப் பரிசும் முதல் பரிசும் ஒன்றேயான சாட்டிலைட் போட்டிகளில் ஏஸ் ஜோடியை விடுவதும் சரியாக அமையும்.

பெரிய போட்டிகளில் இந்த அழுத்தம் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. லாஸ் வேகஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் 2024 முதன்மைப் போட்டியில் 10,112 பேர் தலா 10,000 டாலர் கட்டி ஆடினார்கள். 1,517 பேருக்குப் பரிசு, கடைசிப் பரிசு 15,000 டாலர், முதல் பரிசு 1 கோடி டாலர். பபிள் வந்ததும் எல்லா மேசைகளும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு கையாக (ஒவ்வொரு ஆட்டமாக) ஆடுகின்றன. தன் மேசையில் கை முடிந்ததும் டீலர் எழுந்து நிற்க, மற்ற மேசைகள் முடியும்வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள். மொத்தப் பரிசான சுமார் 9.4 கோடி டாலரை அப்போது மிஞ்சியவர்களுக்குப் பங்கிட்டால், சராசரி ஸ்டாக்கின், அதாவது ஒருவர் கையிலுள்ள சராசரிச் சிப்புகளின், மதிப்பு ஏறக்குறைய 62,000 டாலர் ஆகிறது. கடைசிப் பரிசு அதில் கால் பங்குதான். ஆகவே சராசரி ஸ்டாக் வைத்திருப்பவர் உங்கள் நான்கு பேர் மேசையைப் போல அத்தனை அஞ்ச வேண்டியதில்லை. சில பிளைண்டுகள் மட்டுமே மிஞ்சியவருக்கோ அந்த 15,000-தான் ஏறக்குறைய அவருடைய சொத்து முழுவதும்.

அடுத்த முறை நீங்களே ஸ்மால் பிளைண்டில் இருந்தால், இதே 62 உங்கள் பக்கம் வேலை செய்யும். நீங்கள் எதை வேண்டுமானாலும் தள்ளுவீர்கள் என்று தெரிந்தாலும், கணக்குத் தெரிந்த எதிராளி ஏறக்குறைய பத்தில் ஒன்பது கைகளை விட்டுவிட வேண்டியிருக்கும். ஆனால் பிக் பிளைண்டில் இருப்பவர் இந்தக் கணக்கை அறியாமல் கிங்–ஜாக்குக்கும் கால் செய்கிறவர் என்றால், அவருக்கு எதிராக மதிப்பில்லாத சீட்டுகளோடு தள்ளாதீர்கள். அவர் செய்யும் தவறுக்கு அவரோடு சேர்ந்து நீங்களும் பணம் கட்ட நேரிடும்.