மேனேஜர் சாவி

அன்புள்ள ஐயா,

கம்பத்தில் ஒரு பேங்க் மேனேஜர், 54 வயது. ஏலக்காய் சீசனில் ஒருநாள் ராத்திரி மாரடைப்பில் போய்விடுகிறார். இதை நெடுங்கதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். துஷ்டி வீட்டை எழுதி முடித்தாயிற்று. மறுநாள் காலை பேங்கில் என்ன நடக்கும் என்ற இடத்தில் நிற்கிறேன். நண்பர் ஒருவர் ‘லீவு விட்டுவிடுவார்கள்’ என்கிறார். நிஜமா?

எஸ்., கம்பம்

அன்புள்ள எஸ்.,

லீவெல்லாம் விடமாட்டார்கள். பத்து மணிக்கு நகை திருப்ப வந்தவர்கள் கவுண்டர் முன்னால் நிற்பார்கள். உள்ளே ஸ்ட்ராங் ரூம் திறக்காது. அங்கேதான் உங்கள் கதை இருக்கிறது.

பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று ஹெட் கேஷியரிடம். மற்றது, சின்ன கிளை என்றால், பெரும்பாலும் மேனேஜரிடமே. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு நகரும். எந்தச் சாவி யார் கையில் என்பது ரிஜிஸ்டரில் கையெழுத்தோடு இருக்கும். ஆக, ஊர்ப் பணமும் நகையும் இப்போது இறந்தவரின் சட்டைப்பையில், பைக் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்குகிறது. யாராவது போய்க் கேட்டாக வேண்டும். இரண்டாவது அதிகாரி மாலையோடு வருவார், கொஞ்ச நேரம் உட்காருவார், பிறகு மச்சினரைத் தனியாகக் கூப்பிடுவார். மனைவியிடம் நேரே கேட்கிற மாதிரி எழுதிவிடாதீர்கள்.

சாவி வந்தாலும் உடனே வியாபாரம் நடக்காது. மண்டல அலுவலகம் ஒருவரைப் பொறுப்பில் போட வேண்டும். அவர் வந்து ரொக்கத்தைக் கடைசி நோட்டு வரை எண்ணி, நகைப் பொட்டலங்களைக் கணக்கோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட்டால்தான் பொறுப்பு மாறும். மதியம் தாண்டிவிடும். அதுவரைக்கும் பக்கத்துக் கிளையில் பணம் வாங்கிச் சமாளிப்பார்கள். நகை கேட்பவர்களுக்கு ‘நாளைக்கு வாங்க’தான். மேனேஜரின் கம்ப்யூட்டர் ஐ.டி.யையும் முடக்கிவிடுவார்கள், அவர் ஒப்புதலுக்காகக் காத்திருந்த கடனெல்லாம் அப்படியே நிற்கும்.

சாவி கிடைக்கவில்லை என்றால்? டூப்ளிகேட் செட் சீல் வைத்த கவரில் வேறொரு கிளையில் இருக்கும். மேலிடத்து உத்தரவோடு எடுத்து வருவார்கள், அப்புறம் பூட்டையே மாற்றுவார்கள். கதவை கேஸ் கட்டரால் அறுப்பதெல்லாம் சினிமா.

இனி அவர் வாழ்ந்த வாழ்க்கை. கம்பத்து மேனேஜர் என்றால் ஏலக்காயைத் தள்ளி எழுத முடியாது. ஆள் கம்பத்தில், தோட்டம் கம்பம்மெட்டு ஏறி இடுக்கியில். பத்திரம் மலையாளத்தில் வரும். நாம் பத்திரம் என்பது அங்கே ‘ஆதாரம்’. தீர்வை ரசீதைக் ‘கரம் அடச்ச ரசீது’ என்பார்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர் முதல் மாதம் இதில் முழிப்பார். பட்டயம், அதாவது அரசு தந்த நில உரிமைப் பத்திரம், இல்லாத நிலம் வேறு உண்டு. வக்கீல் கருத்து வராமல் கை வைக்கக்கூடாது.

கணக்குத் தப்புவது விலையில். ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் இடத்தில், உலர்ந்தால் சுமார் ஒரு கிலோ. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் அந்தக் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. உச்ச விலையை நம்பி வியாபாரிக்குக் கடன் லிமிட்டை ஏற்றிக் கொடுத்திருந்தால், 90 நாள் தவணை தவறியதும் அது வாராக்கடன். ‘யார் சாங்ஷன்?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். உங்கள் மனிதருக்குத் தூக்கம் கெட்டது இதனால் என்று வையுங்கள், நம்புவார்கள். ஒன்று மட்டும்: விசாரணை நடந்துகொண்டிருந்தாலும் ஆள் இறந்தால் துறை நடவடிக்கை அதோடு நின்றுவிடும்.

பணிக்கொடை: கடைசி மாதச் சம்பளம் (அடிப்படையும் பஞ்சப்படியும்) × 15/26 × பணி ஆண்டுகள், சட்டப்படி உச்சம் 20 லட்சம். சிக்கல் தொகையில் இல்லை, நாமினி படிவத்தில். 54 வயதுக்காரர் வேலையில் சேர்ந்தது 90களில், கல்யாணத்துக்கு முன்னால் என்று வையுங்கள். அம்மா பெயர் எழுதியிருப்பார், பிறகு மாற்ற மறந்திருப்பார். அம்மா அப்போது அவரைச் சார்ந்து வாழ்ந்தவர் இல்லை என்றால், கல்யாணத்துக்கு முன் எழுதிய அந்த நியமனம், குடும்பம் வந்ததுமே செல்லாது. அம்மாவுக்கு அது தெரியாது, மருமகளுக்கும் தெரியாது.

உங்கள் மேனேஜருக்கு அம்மா இருக்கிறாரா? இருந்தால் இது தெரியவரும் காட்சியை வீட்டில் வைக்காதீர்கள். பேங்கில், புது மேனேஜர் மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள்.