கேள்வி பதில்: ஆம்ப்ளிஃபையரின் கோணலை நியூரல் நெட்வொர்க் நிமிர்த்துமா?

கொழிஞ்சாம்பாறை வீட்டில் சின்ன எஸ்டிஆர் (மென்பொருளே சிக்னலை உருவாக்கும் ரேடியோ) டிரான்ஸ்மிட்டரில் நியூரல் நெட்வொர்க் (உதாரணங்களைப் பார்த்துப் பழகும் நிரல்) வைத்துப் பார்க்கிறேன் என்று சொன்னதும் வந்த கேள்விகள் இவை.

வேலந்தாவளம் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்: 40 மீட்டர் பேண்டில் நான் பேசினால் பக்கத்து அலைவரிசைக்காரருக்குக் கரகரக்கிறதாம். நெட்வொர்க் போட்டால் தீருமா அண்ணா?

முதலில் டிரைவை, அதாவது ஆம்ப்ளிஃபையருக்குள் விடும் சிக்னலின் அளவை, குறைத்துப் பாருங்கள், அதிலேயே அடங்கலாம். சின்ன சிக்னலை நேராகப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் உச்சத்தில் அமுங்கிவிடும். 700, 1900 ஹெர்ட்ஸில் இரண்டு ஒலி மட்டும் விடுங்கள். 3100-இல் நீங்கள் விடாத ஒன்று வந்து நிற்கும், கேரியர் (குரலை ஏற்றிச் செல்லும் அடிப்படை அலை) இடத்தைத் தாண்டி மறுபக்கம் 500-இல் இன்னொன்று. இப்படி வருபவைதான் பக்கத்துக்காரருக்குக் கரகரப்பு. அந்த அமுக்கத்துக்கு எதிராக சிக்னலை முன்கூட்டியே வளைத்து அனுப்புவதுதான் நெட்வொர்க்கின் வேலை. இடப்பக்கம் இழுக்கும் மொபெட்டை ஹேண்டிலை வலப்பக்கம் பிடித்து ஓட்டுகிறோமே, அப்படி.

சித்தூர் மாணவி: இதைப் பல்லுறுப்புக் கோவையே செய்யுமே சார்?

செய்யும். குரல் மட்டும் அனுப்பும் சின்ன டிரான்ஸ்மிட்டருக்கு அது போதும், நெட்வொர்க் அலங்காரம்தான். ஆனால் ஆம்ப்ளிஃபையருக்கு ஞாபகம் உண்டு: சற்றுமுன் போன சிக்னல் இப்போது போவதைக் கெடுக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் அகல 5ஜி சிக்னலில் இது பெரிய தொல்லை. அப்புறம் சிக்னலைப் பிரித்துச் சுமக்கும் ஐ, கியூ என்ற இரண்டு கிளைகளுக்கு நடுவே 90 டிகிரி கட்ட வித்தியாசம் இருக்க வேண்டும். ஒரே ஒரு டிகிரி பிசகினாலும் சுமார் 41 டெசிபல் கீழே சிக்னலின் கண்ணாடிப் பிம்பம் தெரியும். பல்லுறுப்புக் கோவையில் அதற்குத் தனி உறுப்புகள் சேர்க்க வேண்டும். நெட்வொர்க்குக்கு இப்போதைய, முந்தைய ஐ, கியூ மதிப்புகளைக் கொடுத்தால் எல்லாவற்றையும் சேர்த்தே படித்துக்கொள்ளும்.

அவரே: எப்படிப் பழக்குவது?

ஆம்ப்ளிஃபையர் வெளியீட்டில் கப்ளர் வைத்துத் துளி எடுத்து, அட்டெனுவேட்டரில் தணித்து ரிசீவருக்கு விடுங்கள். வெளியே வந்தது கேள்வி, உள்ளே போனது விடை. இரண்டையும் நேரத்தில் பொருத்தாவிட்டால் வீண். நான் அட்டெனுவேஷனைக் குறைவாக வைத்துவிட்டேன். திணறியது என் ரிசீவர். நெட்வொர்க் அதன் கோணலைச் சரிசெய்யப் பழகிவிட்டது. திரையில் படு சுத்தம். வேறொரு ரிசீவரில் பார்த்தால் முன்பைவிட மோசம்! இரண்டு ராத்திரி போச்சு.

பொள்ளாச்சி மைக் செட்காரர்: உச்சத்தில் வெட்டுப்பட்டதை மீட்குமா?

மீட்காது. அதற்குமேல் கொடுக்க ஆம்ப்ளிஃபையரிடமே பவர் இல்லையே.

வாளையாறு நண்பர்: ஒருமுறை பழக்கினால் போதுமா?

நம்ம பாலக்காட்டு மார்ச் வெயிலிலா? டிரான்சிஸ்டர் சூடேறினால் அது அமுங்கும் வளைவும் மாறும். காலையில் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் சுமை) பழக்கியது மதியம் ஆன்டெனாவில் அப்படியே பொருந்தாது. ஹீட்சிங்க் கையைச் சுடும் வரை ஓட்டிவிட்டுத்தான் பழக்குவதற்கான சிக்னல் மாதிரிகளை எடுக்கிறேன்.