குரு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் கதை படுத்துவிடும்

உங்க கதையில் பத்து வயதுப் பெண் கேட்டதும் கிழவர் விண்கலம் ஓட்டக் கற்றுத்தர ஒத்துக்கொள்கிறார், அப்புறம் நடுவில் கதை நகரவே இல்லை என்று எழுதியிருந்தீங்க. என் பார்வையில் கோளாறு நடுவில் இல்லைங்க, அந்த ஒத்துக்கொள்ளலில்தான்.

அவரை மறுக்க விடுங்க. கதைதான் கோயம்புத்தூரில் நடக்குதே, கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவராக ஆக்கிவிட்டால் "அம்மிணி, பட்டறையைக் கூட்டு, அது போதும்" என்று துரத்திக்கொண்டே இருக்கலாம். மறுப்புக்கான காரணத்தை நம்ம மண்ணுக்கு வெளியே தேட வேண்டாம்: நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை நிலாவின் மேட்டுநிலப் பாறையைப் போன்றது, அதைப் பொடித்துத்தான் இஸ்ரோ சந்திரயான்-2 சோதனைக்கு நிலா மண் மாதிரி செய்தது. அவர் செய்த சக்கரம் ஏற்கெனவே ஒருமுறை அந்தப் பொடியில் புதைந்து நின்றது, அதனால்தான் மறுக்கிறார் என்று வையுங்க, ஆனால் காரணத்தை அவர் வாயால் சொல்ல வைக்காதீங்க, கூட்டும்போது மூலையில் கிடக்கும் வளைந்த சக்கரத்தை அவளே எடுக்கட்டும்.

இன்னொன்று, ஓட்டும்போது அவள் நிலாவில், அவர் பட்டறையில். குரல் போய்ச்சேர ஏறத்தாழ 1.3 நொடி, பதில் வர அதே அளவு. அவர் "திருப்பாதே" என்று கத்தும்போது அவள் திருப்பி முடித்திருப்பாள். அந்த இரண்டரை நொடியை அவர் பக்கமிருந்து எழுதிப் பாருங்க.