உறுமும் பாய்லரும் ஒற்றை வரியும்

கேள்வி: எங்கள் வீட்டு எரிவாயு பாய்லருக்குப் பதினொரு வயது. ஒரு மாதமாக, காலையில் போட்ட ஐந்தாவது நிமிடம் பெரிய கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதைப்போல உறுமுகிறது. சுவரில் கை வைத்தால் அதிர்வது தெரிகிறது. கால் மணி நேரத்தில் அடங்கிவிடும். வந்து பார்த்த ஒருவர் மூடியைக்கூடத் திறக்காமல், "பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அழுத்தம் குறைந்துவிடுவதால் என் கணவர் வாரம் ஒருமுறை தண்ணீர் ஏற்றுகிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. உறுமலைப் பற்றி விவரமாக எழுதிவிட்டு, தண்ணீர் ஏற்றுவதைக் கடைசியில் ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது.

அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் ஓடுவது புதுத் தண்ணீர் அல்ல. ஒரே தண்ணீர்தான் பாய்லரில் சூடாகி, அறை அறையாகச் சுற்றிவிட்டு மறுபடி பாய்லருக்கு வருகிறது. குழாயில் திறந்து குளிக்கிற வெந்நீருக்குப் பாதை வேறு. ஒழுங்காக இருக்கிற அமைப்பு வருடத்தில் ஓரிரு முறைதான் தண்ணீர் கேட்கும். வாரந்தோறும் கேட்கிறது என்றால், வாரந்தோறும் எங்கோ வெளியே போகிறது. உறுமல் அதன் பின்விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எப்படி என்றால், ஏற்றுகிற ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு சுண்ணாம்பும் ஆக்சிஜனும் உள்ளே போகின்றன. சுண்ணாம்பு, சூடு அதிகமுள்ள இடமான வெப்பப் பரிமாற்றியின், அதாவது சுடரின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பாகத்தின், உட்சுவரில் படிகிறது. ஆக்சிஜன், ரேடியேட்டரின் இரும்பை அரித்துக் கறுப்புச் சேறாக்குகிறது. படிவுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் நகர முடியாமல் அங்கேயே கொதித்துக் குமிழ் விடுகிறது. குமிழ் சற்றே குளிர்ந்த தண்ணீரைத் தொட்டதும் பட்டென்று உடைகிறது. அப்படி ஆயிரக்கணக்கில் உடைவதைத்தான் நீங்கள் உறுமல் என்கிறீர்கள். அழுத்தம் குறைந்திருந்தால் தண்ணீர் இன்னும் சீக்கிரம் கொதிக்கும், சத்தமும் கூடும்.

அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது? நாளைக் காலை பாய்லரைப் போடுவதற்கு முன் அழுத்தமானியைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல வீட்டு பாய்லர்களில், ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டும். அரை மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி பாருங்கள். சற்று ஏறியிருந்தால் சரி. முள் 3 பாரை நெருங்கினால் எனக்குச் சந்தேகம் எக்ஸ்பான்ஷன் வெசல் மேல்தான். தண்ணீர் சூடானால் விரியும். 100 லிட்டர், 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 3 லிட்டர் கூடிவிடும். அதற்கு இடம் கொடுக்கத்தான், நடுவில் ரப்பர் சவ்வும் ஒருபுறம் காற்றும் கொண்ட அந்தக் கலம் இருக்கிறது. காற்று இறங்கிவிட்டால் விரிந்த தண்ணீர் போக இடமில்லை. 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே தள்ளிவிடும். ஆறியதும் முள் சரிந்துகிடக்கும், உங்கள் கணவர் வந்து தண்ணீர் ஏற்றுவார். அவர்மேல் பிழை இல்லை. முள் இறங்கினால் ஏற்று என்றுதான் யாரும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

அந்த வால்விலிருந்து வரும் செம்புக் குழாய் ஒன்று வெளிச்சுவரில் வளைந்து நிற்கும், அதன் வாயில் ஒரு துணியைக் கட்டிவையுங்கள். மறுநாள் ஈரமாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது. முள் அதிகம் ஏறவும் இல்லை, துணியும் காய்ந்தே இருக்கிறது என்றால், ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் பச்சைக் கறையோ துருக்கறையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கலத்துக்குக் காற்று ஏற்றுவது கார் டயருக்கு ஏற்றுவதைப் போன்ற வேலைதான். ஆனால் அமைப்பின் அழுத்தத்தை முழுதும் இறக்கிவிட்டுச் செய்ய வேண்டும், அதைத் தொழில்நுட்பர் செய்யட்டும். சவ்வு கிழிந்திருந்தால் கலத்தை மாற்றிவிடலாம். ஒழுக்கை நிறுத்திய பிறகே அமைப்பைக் கழுவிச் சேற்றை வெளியேற்றி, துருத் தடுப்பு மருந்து ஊற்றச் சொல்லுங்கள். முறையை மாற்றி முதலில் கழுவினால் ஒரே குளிர்காலத்தில் பழைய கதைக்குத் திரும்பிவிடுவீர்கள். கழுவியும் உறுமல் போகவில்லை, பரிமாற்றியும் அடைத்துக் கிடக்கிறது என்றால் அப்போது புது பாய்லரைப் பற்றிப் பேசலாம்.

வருகிறவரிடம் "பம்பு போய்விட்டது" என்று நீங்களே முடிவு சொல்லாதீர்கள். சத்தம் எப்போது தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, வெந்நீர் திறக்கும்போது மட்டுமா, அறைகளைச் சூடேற்றும்போதுமா என்று எழுதிக் கொடுங்கள். கைப்பேசியில் பதிவு செய்துவைத்தால் இன்னும் நல்லது, ஆள் வருகிற நேரம் பார்த்து பாய்லர் சாதுவாகிவிடும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். 26 வருடம் இந்த வேலை பார்த்தவன் நான். தொடக்க நாட்களில் ஒரு வீட்டில் 'டிக் டிக்' என்ற சத்தத்துக்குப் பம்பையே மாற்றினேன். மறுநாளும் அதே டிக் டிக். தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தால், செம்புக் குழாய் மரச்சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. 10 மீட்டர் குழாய் 50 டிகிரி சூடேறினால் 8 மில்லிமீட்டருக்கு மேல் நீளும் என்று படித்திருந்தேன், நினைவுக்குத்தான் வரவில்லை. இரண்டு துண்டு கம்பளித்துணியை இடையில் செருகியதும் சத்தம் நின்றது. பம்புக்கான காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

சர்வீஸ் என்றால் மூடியைத் துடைத்துவிட்டுப் போவதல்ல. புகைக்குழாயில் கருவியைச் செருகி எரிதலின் அளவை எடுக்க வேண்டும். கலத்தின் காற்றழுத்தம், வாயு அழுத்தம், புகையிலிருந்து வடியும் நீர் சேரும் கிண்ணம், புகைக்குழாய் ஆகியவற்றைப் பார்த்து எண்களை எழுதித் தர வேண்டும். எரிவாயு வேலைக்கு உரிமம் உள்ளவரா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: எங்கள் பாய்லர் பற்றும்போது 'டொம்' என்று ஒரு சத்தம். மற்றபடி நன்றாக வேலை செய்கிறது. அடுத்த சர்வீஸ் வரை பொறுக்கலாமா?

பதில்: கூடாது, ஒரு நாள்கூட. பொறி தாமதமாகப் பற்றுவதால், அதற்குள் தேங்கிய வாயு மொத்தமாகத் தீப்பிடிக்கிறது. அணைத்துவிட்டு, உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்று யாரும் கை வைக்க வேண்டாம். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகத் தெரிந்தாலோ, மூடியைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ, வீட்டிலிருக்கும்போது மட்டும் எல்லோருக்கும் தலை வலித்தாலோ அது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவாக இருக்கலாம். அதற்கு மணம் கிடையாது. பாய்லரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்த பிறகு அவசர உதவி எண்ணை அழையுங்கள். வாயு மணமே அடித்தால் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடக் கூடாது.

கேள்வி: கடுங்குளிர் நாளில் பாய்லர் களகளவென்று சத்தமிட்டு நின்றுவிட்டது. என்ன செய்வது?

பதில்: உங்களுடையது புகையின் ஈரத்தையும் குளிரவைத்துச் சூடு எடுக்கும் வகை என்றால், வடிநீர் வெளியேறும் பிளாஸ்டிக் குழாய் வெளியே உறைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம், குழாய் விரிந்து பிளக்கும். உருகியதும் ரீசெட் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். அடுத்த குளிருக்குள் அந்தக் குழாய்க்கு உறை போட்டுவிடுங்கள்.