காப்புரிமை கிடைத்த பிறகு, விட்டுப்போன தகவலைச் சொல்ல வழி உண்டா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி (கோவை வாசகர்): எங்கள் கம்பெனி வடிவமைத்த பம்ப் சீல் ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை இருக்கிறது. அதே கண்டுபிடிப்புக்கு இங்கே போட்ட விண்ணப்பத்தில் இந்தியப் பரிசோதகர் ஒரு பழைய ஜப்பானியக் காப்புரிமையை எடுத்துக்காட்டியிருந்தார். அப்போது அமெரிக்க விண்ணப்பம் நிலுவையில்தான் இருந்தது, ஆனால் யாரும் அதை அங்கே தெரிவிக்கவில்லை. இப்போது அமெரிக்காவில் ஒருவர் எங்கள் சீலை அப்படியே செய்து விற்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் இன்றைக்கே போடாதீர்கள். அமெரிக்காவில் விண்ணப்பதாரர், அவருடைய வக்கீல் என விண்ணப்ப வேலையில் கை வைத்த எல்லோருக்குமே, தங்களுக்குத் தெரிந்த முக்கியமான தகவலைக் காப்புரிமை அலுவலகத்துக்குச் சொல்லும் கடமை உண்டு. அதை வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நீதிமன்றத்தில் நிரூபணமானால் ஒரு கிளெய்ம் (கண்டுபிடிப்பில் எதெல்லாம் உங்கள் உரிமை என்று எல்லை சொல்லும் வாசகம்) மட்டும் போகாது, முழுக் காப்புரிமையும் யார் மீதும் பயன்படுத்த முடியாததாகிவிடும். சர்க்கரை அளவு பார்க்கும் பட்டை தொடர்பான தெராசென்ஸ் வழக்கு இதில் பிரபலம். ஒரே விஷயத்தை ஐரோப்பிய அலுவலகத்தில் ஒரு மாதிரியும் அமெரிக்க அலுவலகத்தில் வேறு மாதிரியும் சொன்னதுதான் அங்கே பிரச்சினை. 2011 மே மாதம் அந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தத் தகவல் தெரிந்திருந்தால் அலுவலகம் கிளெய்மை அனுமதித்தே இருக்காது என்பதையும், ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்பதையும் தனித்தனியே நிரூபிக்க வேண்டும் என்று அளவுகோலை இறுக்கியது. அதனால் கவனக்குறைவுக்கும் மோசடிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைத்தது. ஆனாலும் எதிராளி அந்தக் குற்றச்சாட்டை வைத்தாலே உங்கள் பழைய மின்னஞ்சல்கள் எல்லாம் தோண்டப்படும்.

இதற்காகவே அதே ஆண்டு செப்டம்பரில் வந்த காப்புரிமைச் சீர்திருத்தச் சட்டம் சப்ளிமென்டல் எக்ஸாமினேஷன் என்ற துணை ஆய்வைக் கொண்டுவந்தது. 2012 செப்டம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிமையாளர் தானாக முன்வந்து, பார்க்கப்படாத, சரியாகப் பார்க்கப்படாத, அல்லது தவறாகக் கொடுக்கப்பட்ட தகவலை அலுவலகத்தின் முன் வைக்கலாம். ஒரு மனுவில் அதிகபட்சம் 12 தகவல்கள். அதற்கு மேல் இருந்தால் இன்னொரு மனு போடலாம். தகவல் என்றால் பழைய காப்புரிமையோ அச்சான கட்டுரையோ மட்டும் இல்லை, விற்பனை ரசீது, சோதனை முடிவு, பிரமாணப் பத்திரம் எதுவும் வரலாம்.

மனுவில் எந்தக் கிளெய்மை ஆய்வு செய்ய வேண்டும் என்று குறிப்பிட்டு, ஒவ்வொரு தகவலும் அந்தக் கிளெய்முக்கு எப்படிப் பொருந்துகிறது என்று தனித்தனியாக விளக்க வேண்டும். உங்கள் ஜப்பானிய ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம். 50 பக்கத்துக்கு மேலான ஆவணம் என்றால் முக்கியப் பகுதிகளின் சுருக்கமும் வேண்டும். இதில் எதையாவது விட்டால் மனுவுக்குத் தாக்கல் தேதியே கொடுக்க மாட்டார்கள். அந்த விளக்கத்தை அனுபவமுள்ள வக்கீலை வைத்தே எழுதுங்கள், ஏனென்றால் தேதி கிடைத்ததும் அது பொது ஆவணமாகிவிடும், நாளைக்கு எதிராளி அதில் ஒவ்வொரு வரியையும் படிப்பார். ஜப்பானிய ஆவணத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள், கூட்டியும் வேண்டாம், பூசி மெழுகவும் வேண்டாம்.

தேதி கிடைத்ததிலிருந்து 3 மாதத்துக்குள், காப்புரிமைத் தகுதி பற்றிக் கனமான புதுக் கேள்வி எழுகிறதா இல்லையா என்று அலுவலகம் ஒரு சான்றிதழ் கொடுக்கும். அதுவரை பரிசோதகரைச் சந்தித்துப் பேசவும் முடியாது, கிளெய்மைத் திருத்தவும் முடியாது. கேள்வி எழவில்லை என்றால் வேலை முடிந்தது. முதலிலேயே சேர்த்துக் கட்டிய மறுஆய்வுக் கட்டணமும் திரும்ப வந்துவிடும், மொத்தத்தில் பெரிய தொகை அதுதான். கேள்வி எழுந்தால் மறுஆய்வு தொடங்கும். அதில் கிளெய்மைக் குறுக்கலாம், விரிக்க முடியாது. நிஜமான ஆபத்து இங்கேதான் இருக்கிறது, பல வருடம் கழித்து உங்கள் கிளெய்ம் மறுபடி பரிசோதகர் மேஜைக்குப் போகிறது, ரத்தாகவும் கூடும். அதனால் சின்னச் சின்னக் குறைக்கெல்லாம் இதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், எழுத்துப் பிழைக்குத் திருத்தச் சான்றிதழ் போதும். உங்கள் விஷயம் அப்படிப்பட்டதில்லை, அந்த ஜப்பானிய ஆவணத்தை வைத்துத்தான் இந்தியப் பரிசோதகர் ஆட்சேபமே எழுப்பினார் என்றால் தயங்காமல் போங்கள்.

சரி, வழக்கை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன்? இந்த ஆய்வில் பார்க்கப்பட்ட தகவலை முன்பு சொல்லாமல் விட்டதற்காகக் காப்புரிமையை முடக்க முடியாது என்பதுதான் சட்டம் தரும் பாதுகாப்பு. ஆனால் நீங்கள் போடும் வழக்கில் அது கிடைக்க வேண்டுமானால் துணை ஆய்வும், அதைத் தொடர்ந்து மறுஆய்வு வந்தால் அதுவும், வழக்குப் போடும் தேதிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மறுஆய்வு இழுத்துக்கொண்டு போகும் என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் வழக்குப் போட்ட நாளிலிருந்து பின்னோக்கி 6 ஆண்டு வரைக்குமான மீறலுக்கு நஷ்டஈடு கேட்கலாம், அதனால் பொறுத்திருப்பதில் எல்லாம் போய்விடாது.

கேள்வி (நியூ ஜெர்சி வாசகி): எதிர்க் கம்பெனி வக்கீல் “நீங்கள் தகவலை மறைத்தீர்கள்” என்று ஏற்கெனவே கடிதம் எழுதிவிட்டார். இனிமேல் துணை ஆய்வுக்குப் போய்ப் பயனில்லையா?

பதில்: சாதாரணக் கடிதம் கதவை மூடாது. கதவு மூட வேண்டுமானால் அந்தக் குற்றச்சாட்டு விவரங்களோடு நீதிமன்ற மனுவில் வந்திருக்க வேண்டும், மருந்துக் காப்புரிமை என்றால் ஜெனரிக் கம்பெனி (அதே மருந்தின் நகலைத் தயாரிக்கும் கம்பெனி) சட்டப்படி அனுப்பும் அறிவிப்பில் வந்திருக்க வேண்டும். உங்கள் துணை ஆய்வு மனுவுக்கு முன்பே இதில் ஒன்று நடந்துவிட்டால், அந்தக் குற்றச்சாட்டுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை. ஆனால் கடிதம் எழுதியவர் தானே முந்திக்கொண்டு நீதிமன்றம் போய், உங்கள் காப்புரிமை செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம், அந்த மனுவிலேயே இதையும் விவரமாக எழுதிவிடலாம். அதனால் ஒரு வாரம்கூட வீணாக்காதீர்கள். அப்புறம் ஒன்று, ஆய்வின்போது பெரிய மோசடி நடந்திருப்பது அலுவலகத்துக்குத் தெரிந்தால் விஷயம் அட்டர்னி ஜெனரலுக்குப் போகும். தெரிந்தே பொய் சொன்னவர்களுக்கு இது அடைக்கலம் இல்லை, அப்படி இருப்பதுதான் நியாயம்.

கேள்வி (திருச்சி வாசகர்): என் காப்புரிமையில் நண்பருக்கும் பங்கு உண்டு. அவர் ஒத்துழைக்க மறுக்கிறார். நான் மட்டும் மனு போடலாமா?

பதில்: முடியாது. முழு உரிமையும் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் போட வேண்டும். லைசென்ஸ் வாங்கியவரும் போட முடியாது, மூன்றாம் ஆளும் போட முடியாது. முதலில் நண்பரிடம் பேசுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): இந்தியாவில் இப்படி ஒரு வழி இருக்கிறதா?

பதில்: இதே மாதிரி இல்லை. காப்புரிமை கிடைத்த பிறகு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 57வது பிரிவில் திருத்தம் கேட்கலாம், ஆனால் கிளெய்மைக் குறுக்குவது, பிழை திருத்துவது, விளக்குவது என்ற எல்லைக்குள்தான். இங்கே கவனிக்க வேண்டியது 8வது பிரிவு. வெளிநாட்டு விண்ணப்ப விவரங்களைப் படிவம் 3இல் தெரிவிக்காவிட்டால் 64வது பிரிவின் கீழ் ரத்து கோரலாம். பிலிப்ஸ் வழக்கில் 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம், விட்டுப்போனதற்காகத் தானாகவே ரத்தாகாது, வேண்டுமென்றே விட்டார்களா என்று பார்க்க வேண்டும் என்று சொன்னது. உங்கள் விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறதென்றால், படிவம் 3 கடைசியாக எப்போது போனது என்று உங்கள் ஏஜென்ட்டிடம் இந்த வாரமே கேளுங்கள்.